நீலத்தாளில் ஒரு மீன்: பெட்ரோவ்-வோத்கினின் ஊர்களில் ஒன்பது நாட்கள்

முதல் நாள் – மாஸ்கோ

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதையில், பழைய புத்தகங்களுக்கு நடுவே, சோவியத் காலத்து அஞ்சலட்டைக் கட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. அதிலிருந்த ஓர் அட்டையில் சிவந்த விரிப்பு, அதன்மேல் கசங்கிய நீலத்தாள், தாளின்மேல் உப்பிட்ட ஒற்றை மீன், பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி, இரண்டு உருளைக்கிழங்குகள். வேறொன்றும் இல்லை. பின்புறத்தில் அச்சிட்டிருந்த ரஷ்ய எழுத்துகளில் 1918 என்ற ஆண்டை மட்டுமே என்னால் படிக்க முடிந்தது. அந்த அட்டை அன்றிலிருந்து என் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. வரைந்தவர் பெயர் குஸ்மா செர்கேயெவிச் பெட்ரோவ்-வோத்கின் என்பதும், அந்த மீன் நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் என்பதும், அந்த ஆண்டில் அந்த நகரத்தில் அது எத்தனை பெரிய உணவு என்பதும் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அசல் ஓவியம் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. நேராக அங்கே போகாமல், அவர் பிறந்த வோல்காக்கரை ஊருக்கு முதலில் போய்விட்டு, அந்த ஊரின் மண்ணைப் பார்த்த கண்ணோடு மீனின் முன் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

மேசைமேல் பொருள்களை வைத்து வரையும் இவ்வகை ஓவியத்தை ரஷ்யர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட 'நத்யுர்மோர்த்' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். 'செத்த இயற்கை' என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் நாம் அசைவிலாப் பொருள் ஓவியம் என்கிறோம். இரண்டு பெயர்களுமே இவருக்குப் பொருந்தவில்லை என்ற எண்ணம் இன்று ட்ரெட்யாகோவ் காட்சியகத்தில் எனக்கு வலுப்பட்டது.

எல்லோரும் அங்கே அவருடைய 'சிவப்புக் குதிரையைக் குளிப்பாட்டுதல்' ஓவியத்தின் முன்தான் நிற்கிறார்கள். 1912இல் வரைந்தது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று சொல்லத்தக்க பெரிய துணி. 1914இல் சுவீடனின் மால்மோ நகரக் கண்காட்சிக்குப் போன அந்த ஓவியம், போர் மூண்டதால் அங்கேயே தங்கி, 1950இல்தான் நாடு திரும்பியது. வரைந்தவர் அதைத் திரும்பப் பார்க்காமலேயே இறந்துவிட்டார். அதன் புகழ் நியாயமானதுதான். ஆனால் நான் அதிக நேரம் நின்றது 1918இல் வரைந்த 'இளஞ்சிவப்பு நத்யுர்மோர்த், ஆப்பிள் கிளை' என்ற ஓவியத்தின் முன். இளஞ்சிவப்புப் பரப்பின்மேல் ஒரு கிளை, பழங்கள், கண்ணாடிக் குவளை. ஒவ்வொரு பொருளுக்கும் இடையே தாராளமான வெற்றிடம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. டச்சு ஓவியர்கள் பழங்களை மலைபோல் குவித்து, செல்வத்தைக் காட்டினார்கள். இங்கே பொருள்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில், ஆளுக்கோர் இடத்தில், தனித்தனி நிழலோடு இருக்கின்றன. மேசையோ நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பழங்கள் உருண்டு விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அவை எதன் பிடியில் நிற்கின்றன என்ற கேள்வியைத்தான் இந்தப் பயணம் முழுவதும் சுமக்கப்போகிறேன்.

இரண்டாம் நாள் – இரயிலில்

மாஸ்கோவின் பாவெலெத்ஸ்கி நிலையத்திலிருந்து சரத்தோவுக்கு இரவு முழுவதும் ஓடும் இரயில். பெட்டிப் பொறுப்பாளரான பெண்மணி உலோகப் பிடிக்குள் நிறுத்திய கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டுவந்தார். கரண்டி தேநீருக்குள் நுழையும் இடத்தில் முறிந்து, சற்று விலகி, மறுபடி தொடர்ந்தது. பெட்ரோவ்-வோத்கின் வாழ்நாளெல்லாம் கண்ணாடிக் குவளையை வரைந்தார். நீரில் முறியும் தண்டு, குவளையின் விளிம்பில் இரண்டாகும் கோடு, பட்டைகளில் சிதறும் நிறம் ஆகியவை அவருக்கு அழகு சேர்க்கும் விவரங்கள் அல்ல. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதை அவர் உண்மையாகவே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குவளை அவருக்கு ஆய்வுக்கூடம்.

அவருடைய வாழ்க்கையை இந்த இரவில் எழுதிவிடுகிறேன். 1878ஆம் ஆண்டு, வோல்காவின் வலக்கரையில் உள்ள ஹ்வலின்ஸ்க் என்ற சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பாட்டனாரின் குடிப்பழக்கத்தால் குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் 'வோத்கின்' என்பார்கள். அதை மறைக்காமல் ஓவியத்தின் மூலையிலும் நூலின் அட்டையிலும் எழுதிக்கொண்டவர் என்பதால் அவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் புனிதர் படங்களை மரப்பலகையில் வரையும் திருவுருவ ஓவியர்கள் இருவர் ஊரில் இருந்தார்கள்; அவர்களிடம் முதலில் நிறங்களைப் பார்த்தார். பள்ளி முடித்து, சமாரா நகரில் இரயில்வே தொழிற்பள்ளியில் சேர முயன்று தோற்று, கடைப்பலகை எழுதும் பட்டறையில் வேலை செய்து, பிறகு ஃபியோதர் பூரோவின் ஓவிய வகுப்பில் சேர்ந்தார். அவர் தாயார் வேலை செய்த வீட்டாரின் தொடர்பில் ஹ்வலின்ஸ்குக்கு வந்த கட்டடக் கலைஞர் மெல்த்ஸெர், பையனின் படங்களைப் பார்த்து, அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஸ்தீக்லித்ஸ் தொழிற்கலைப் பள்ளி. பிறகு மாஸ்கோ ஓவியப் பள்ளியில் வலெந்தின் செரோவின் கீழ்ப் பயிற்சி. 1901இல் மியூனிக் நகரில் அன்தோன் அஸ்பேயின் கூடம். அதன்பின் இத்தாலி, பாரிஸ், வட ஆப்பிரிக்கா. பாரிஸில் மரியா யொவானொவிச் என்ற பெண்ணை 1906இல் மணந்தார். ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன் அந்தக் காலத்தில் இத்தனை தூரம் போனான் என்பதைப் போலவே, ஒவ்வொரு முறையும் ஹ்வலின்ஸ்குக்குத் திரும்பி வந்தான் என்பதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் – சரத்தோவ்

நிலையத்துக்கு என் நண்பரின் மகன் வந்திருந்தான். இங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு படிக்கிறான். ரஷ்ய மொழியில் சரளமாகப் பேசுகிறான். அடுத்த மூன்று நாட்களும் எனக்கு வாய் அவன்தான்.

நாங்கள் ராதீஷெவ் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். எழுத்தாளர் ராதீஷெவின் பேரனும் கடல் ஓவியருமான அலெக்ஸெய் பகல்யூபவ் நிறுவி, 1885இல் திறந்தது. மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற இரண்டு தலைநகரங்களுக்கும் வெளியே பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட முதல் கலை அருங்காட்சியகம் என்ற பெருமை அதற்கு உண்டு. சரத்தோவில் ஓவியர்கள் ஒரு தலைமுறையாகவே முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பவெல் குஸ்னெத்ஸோவ், பியோத்தர் உத்கின் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து பெட்ரோவ்-வோத்கின் 1902இல் இந்த நகரத்துத் தேவாலயம் ஒன்றில் சுவரோவியம் தீட்டினார். இளைஞர்களின் வேலை மரபுக்கு ஒவ்வாதது என்று சொல்லி அந்தச் சுவர்களை அழித்துவிட்டார்கள். இருபதுகளில் இருக்கும் ஒருவன் தன் முதல் பெரிய வேலையை இப்படி இழப்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சரத்தோவைப் பற்றி எழுத இன்னும் இருக்கிறது; ஆனால் மனம் முழுவதும் நாளைய ஊரில் இருக்கிறது.

நான்காம் நாள் – ஹ்வலின்ஸ்க்

பேருந்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் வோல்ஸ்க் என்ற சிமென்ட் நகரம் வந்தது. அதைத் தாண்டியபின் மலைகளின் விலாவில் வெள்ளை தெரியத் தொடங்கியது. முதலில் பனியோ என்று நினைத்தேன். சுண்ணம். இந்தப் பகுதியின் குன்றுகள் முழுவதும் சுண்ணக்கல்லின் மென்மையான வகையான சாக்குக்கட்டிப் பாறை. அந்த வெண்மையின் கீழே தோட்டங்கள். தோட்டங்கள் முழுவதும் ஆப்பிள். ஹ்வலின்ஸ்க் ஆப்பிளுக்குப் பேர்போன ஊர் என்று படித்திருந்தேன். ஆனால் செப்டம்பரில் அந்த ஊருக்குள் நுழைவது என்பது ஒரு வாசனைக்குள் நுழைவது என்பதை யாரும் எழுதியிருக்கவில்லை. வீட்டு வாசல்களில் வாளி வாளியாகப் பழங்களை வைத்து முதிய பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தன் பெற்றோருக்காக ஓவியர் வாங்கிக்கொடுத்த மரவீடு இன்று அவர் பெயரில் நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. கோடைகளில் அவர் வந்து தங்கிய வீடு. அறைகள் சிறியவை, கூரை தாழ்வானது, சன்னலுக்கு வெளியே முற்றம். அங்கிருந்த காப்பாளரிடம் நான் கேட்க விரும்பிய கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டில் சாப்பாட்டு மேசை எங்கே இருந்திருக்கும்? மாணவன் மொழிபெயர்த்ததும் அந்த அம்மையார் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சன்னலருகே போய், கையை நீட்டி, இங்கே வெளிச்சம் வரும், இங்கே வைத்திருப்பார்கள், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மேசை சன்னலோரம்தான் என்றார். நான் அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தேன். மேசை இல்லாத தரைப்பலகையில் சன்னல் வெளிச்சம் கோணலாக விழுந்து கிடந்தது.

திருவுருவ ஓவியர்களிடம் அந்தச் சிறுவன் எதைக் கற்றிருப்பான் என்பதை இந்த ஊரில் வைத்து யோசித்தால் தெளிவாகிறது. மரப்பலகையில் சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்துப் பல அடுக்காகப் பூசி, தேய்த்து, தந்தம்போல் வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் முட்டையின் மஞ்சட்கருவில் குழைத்த நிறங்கள்: சிவப்பு, காவி, நீலம். ஒவ்வொன்றும் தனித்து, கலப்பின்றி, தன் இடத்தில் நிற்கும். வளர்ந்தபின் அவர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று நிறங்களே ஓவியத்தின் அடிப்படை என்று வகுத்து, மாணவர்களுக்கும் அதையே கற்பித்தார். நீலத்தாள், சிவந்த விரிப்பு, ரொட்டியிலும் கிழங்கிலும் உள்ள காவி மஞ்சள்: என் சுவரிலிருக்கும் அஞ்சலட்டையும் இந்த மூன்றில்தான் நிற்கிறது. பாரிஸ் நகரத்துப் புதுமைகளை எல்லாம் பார்த்துத் திரும்பிய ஒருவர் ஊர்த் திருவுருவப் பட்டறையின் கிண்ணங்களுக்கே வந்து சேர்ந்தார் என்று நான் நினைக்கிறேன். கலை வரலாற்றாசிரியர்கள் இத்தாலியச் சுவரோவியங்களையும் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸையும் சொல்வார்கள், அதையும் மறுக்கவில்லை.

இரவு நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி உப்பு ஹெர்ரிங்கும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்தார். வெங்காயமும் எண்ணெயும் சேர்த்த அந்த மீன், சூடான கிழங்கோடு நாக்கில் கரைந்தது. எதற்காக வந்திருக்கிறேன் என்பதை மாணவன் சொல்லியிருக்க வேண்டும். பாட்டி மீனைத் தட்டில் வைக்கவில்லை. தாளில் வைத்தே மேசைக்குக் கொண்டுவந்தார்.

ஐந்தாம் நாள் – சுண்ணக்குன்றின் மேல்

காலையில் ஊருக்குப் பின்னால் ஏறினோம். 1994 முதல் இந்தக் குன்றுகளும் காடும் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பைன் மரங்களுக்கு நடுவே ஏறி வெளியே வந்தால், கால்கீழே வெள்ளை, அதற்குக் கீழே தோட்டங்கள், கூரைகள், அதற்கும் அப்பால் வோல்கா. அவர் பார்த்த ஆறு இத்தனை அகலமானதல்ல. 1960களின் இறுதியில் பலகோவோ அணையால் நீர் தேங்கியபின் அது ஏரிபோல் விரிந்துவிட்டது. மறுகரை ஒரு மெல்லிய கோடு.

இந்தக் குன்றுகளில் ஒன்றில் இளமையில் தமக்கு நேர்ந்ததை அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மண்ணில் வேகமாகத் தம்மைச் சாய்த்து விழுந்த ஒரு நொடியில், நிலம் தட்டையான தரையாக அல்லாமல் ஒரு கோளமாக, வெளியில் மிதக்கும் கிரகமாக அவருக்குத் தெரிந்ததாம். நிற்கும் மனிதனின் கண் தொடுவானத்தைக் கிடைக்கோடாகப் பார்க்கிறது. விழும் மனிதனின் கண்ணில் அந்தக் கோடு வளைகிறது, சாய்கிறது, பொருள்களின் நிமிர்ந்த அச்சுகள் விசிறிபோல் விரிகின்றன. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர்கள் வகுத்த பார்வை முறையில் ஓவியன் ஒரு கண்ணை மூடி, ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறான்; எல்லாக் கோடுகளும் தூரத்துப் புள்ளி ஒன்றில் போய்ச் சேர்கின்றன. ஆனால் உண்மையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நாம் குனிகிறோம், தலையைத் திருப்புகிறோம், நடந்துகொண்டே பார்க்கிறோம். அந்த உடல் அசைவை ஓவியத்துக்குள் கொண்டுவர அவர் வகுத்த முறைதான் 'கோளப் பார்வை'. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒருங்கே பார்ப்பதுபோல் பரப்பு நிமிர்ந்துவரும், பொருள்கள் சாயும், ஆனால் எல்லாச் சாய்வும் ஒரே ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டிருக்கும். தமது தன்வரலாற்றின் இரண்டாம் நூலுக்கு 'யூக்ளிடின் வெளி' என்றே பெயரிட்டார்.

1917இல் வரைந்த 'நண்பகல், கோடை' என்ற ஓவியத்தில் இந்த மண்ணை இப்படித்தான் பார்த்திருக்கிறார். மிக உயரத்திலிருந்து பார்க்கும் நிலப்பரப்பில் ஒரு கிராமத்து வாழ்வின் பல கட்டங்கள், ஓர் இறுதி ஊர்வலம் உட்பட, சிறுசிறு உருவங்களாக நடக்கின்றன. நம் கண்ணுக்கு மிக அருகே, முன்னால், ஆப்பிள்கள் தொங்கும் கிளை. ஒரு மனிதனின் மரணம் ஆப்பிளை விடச் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் அதில் இரக்கமின்மை இல்லை. அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் தெரியும் இந்த உலகில் இரண்டும் ஒரே பந்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மாணவன் கேட்டான், "மாமா, மலையையும் ஆற்றையும் இப்படி வரைந்தால் புரிகிறது, ஒரு சாப்பாட்டு மேசையை எதற்காக இப்படி வரைய வேண்டும்?" நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. குன்றின் சரிவில் ஒரு வெள்ளைப் பாறையின்மேல் பாட்டி கொடுத்தனுப்பிய ஆப்பிள்களை வைத்தோம். பாறை நன்றாகச் சாய்ந்திருந்தது. இரண்டு உருண்டோடின, ஒன்று மட்டும் ஒரு சிறு குழியில் நின்றது. அதைச் சுற்றி நடந்தோம், குனிந்து பார்த்தோம், மேலே ஏறி நின்று பார்த்தோம். பின்னணியில் ஒரு முறை ஆறு வந்தது, ஒரு முறை வானம், ஒரு முறை வெறும் சுண்ணம். மேசைமேல் உள்ள பழமும் இதே கிரகத்தின்மேல்தான் இருக்கிறது என்று சொன்னேன். நான்கு சுவர்களுக்குள் வந்துவிட்டால் பூமி தட்டையாகிவிடுவதில்லையே. அவர் மேசையைச் சாய்த்தது அதை மறக்காதிருப்பதற்காக என்று எனக்குத் தோன்றுகிறது. அசைவிலாப் பொருள் ஓவியம் என்ற பெயர் இவருக்குப் பொருந்தாது என்று முதல் நாள் எழுதியது இதனால்தான்.

திரும்பும்போது என் கால்சட்டையின் முழங்கால் வெள்ளையாக இருந்தது, தட்டியும் போகவில்லை.

ஆறாம், ஏழாம் நாட்கள் – வழியில்

பேருந்தில் சரத்தோவ், அங்கிருந்து ஒரு பகலும் இரவும் கடந்து செல்லும் இரயிலில் வடக்கே. எழுதத்தக்க ஒன்று பேருந்தில் நடந்த உரையாடல். 1920களின் இறுதியில் பெட்ரோவ்-வோத்கினுக்குக் காசநோய் முற்றியது. எண்ணெய் வண்ணங்களைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தார்கள். ஏன் என்று மாணவனைக் கேட்டேன். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனின் ஆவி சிதைந்த நுரையீரலை மேலும் எரிச்சலூட்டும். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று ஒன்றுதான் மருத்துவர் கையில் இருந்தது என்றான். தூரிகை விலக்கப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் அவர் பேனாவை எடுத்தார். 1930இல் 'ஹ்லினோவ்ஸ்க்' வந்தது. பிறந்த ஊருக்கு அவர் இட்ட பெயர் அது. 1930களின் தொடக்கத்திலேயே 'யூக்ளிடின் வெளி'யும் வந்துவிட்டது.

அந்த இரண்டாம் நூலில் இவ்வகை ஓவியத்தைப் பற்றி அவர் சொல்லும் கருத்தை மாணவன் எனக்காக ரஷ்ய மூலத்திலிருந்து மெதுவாகப் படித்துச் சொன்னான். பொருள்களை வரைவது ஓவியன் இயற்கையோடு நடத்தும் கூர்மையான உரையாடல்களுள் ஒன்று. அங்கே கதையும் மனவியலும் குறுக்கே வந்து, வெளியில் பொருள் இருக்கும் இடத்தை மறைப்பதில்லை. பொருள் என்ன, அது எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கும் நான் எங்கே இருக்கிறேன் என்பவையே அங்கே அடிப்படைக் கேள்விகள் என்பது அதன் சாரம். மூன்றாவது கேள்விதான் அவருடைய தனிச்சொத்து. முதலிரண்டையும் எல்லா நல்ல ஓவியர்களும் கேட்கிறார்கள்.

எட்டாம் நாள் – செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

காலையில் கோர்க்கோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தருகே அலெக்ஸாந்தர் பூங்காவுக்குச் சென்றேன். மெல்த்ஸெர் கட்டிய பழைய எலும்பு மருத்துவமனைக் கட்டடத்தின் முகப்பில் பெட்ரோவ்-வோத்கினின் தேவமாதா இருக்கிறாள். 1904இல் அவர் வரைந்துகொடுக்க, லண்டனின் டௌல்டன் தொழிற்சாலையில் சுட்டெடுத்த பளபளப்பு ஓடுகளால் ஆன உருவம். மழையில் அந்த நீலம் இன்னும் ஈரமாக, நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. நூற்றிருபது ஆண்டுக் குளிரைத் தாங்கிய நிறம்.

மாலையில் வோல்கவ கல்லறைத் தோட்டம். எழுத்தாளர்கள் துயிலும் பகுதியில், துர்கேனெவும் மெந்தெலேயெவும் கிடக்கும் அதே மண்ணில், 1939 பிப்ரவரியில் இறந்த அவரையும் புதைத்திருக்கிறார்கள். அவருக்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் அவருடைய ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1960களில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார். ஹ்வலின்ஸ்க் ஆப்பிள் ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் – ரஷ்ய அருங்காட்சியகம்

பெனுவா கட்டடத்துக்குள் கதவு திறந்ததுமே நுழைந்தேன். மீனை நோக்கி நேரே போகாமல் மற்றவற்றை முதலில் பார்ப்பது என்று என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

1918இல் வரைந்த 'காலை நத்யுர்மோர்த்': மரப்பலகை மேசை, தேநீர்க் குவளை, முட்டைகள், காட்டுப் பூக்கள், தீப்பெட்டி, பட்டை தீட்டிய உலோகக் கெண்டி. கெண்டியின் ஒவ்வொரு பட்டையும் மேசையின் வேறொரு துண்டைத் திருப்பிக் காட்டுகிறது. மேசை விளிம்பில் ஒரு செந்நிற நாயின் முகம், உணவைப் பார்த்தபடி. அஞ்சலட்டை அளவில் இந்த நாயின் பார்வை தெரியாது. அது பொறுமையாகக் காத்திருக்கிறது. அடுத்து, அதே ஆண்டின் 'வயலின்': சன்னலோரத்தில் கிடக்கும் வாத்தியம், அதன் பின்னே நகரம். 1932இன் 'குவளையில் செரியோமுஹா' நோய்க்காலத்தில் வரைந்தது. வசந்தத்தில் வெள்ளைவெள்ளையாகப் பூக்கும் காட்டுச் செரி மரத்தின் கிளை ஒன்று குவளை நீரில் நிற்கிறது. காற்றுக்கு ஏங்கிய நுரையீரலோடு ஒருவர் இத்தனை காற்றோட்டமான ஓவியத்தை வரைந்திருக்கிறார்.

பிறகு 'ஹெர்ரிங்'.

58 சென்டிமீட்டர் உயரம், 88.5 அகலம். நான் நினைத்ததை விடப் பெரியது. மீன் ஏறத்தாழ உண்மை அளவில் இருக்கிறது. துணியில் வரைந்தது அல்ல. மேசைக்கு விரிக்கும் மெழுகுத்துணியில் எண்ணெய் வண்ணம். சாப்பாட்டு மேசையின் விரிப்பின்மேலேயே சாப்பாட்டு மேசையை வரைந்திருக்கிறார் என்ற செய்தி எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதை நேரில் பார்க்கும்போது வயிறு ஒருமுறை சுருங்கியது. அன்று பெத்ரோகிராத் என்று பெயர் பெற்றிருந்த இந்த நகரத்தில் 1918இல் ரொட்டிப் பங்கீடு மிக மோசமான வாரங்களில் ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் ஐம்பது கிராமுக்கு இறங்கியது. 1917இல் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம், பசியாலும் நோயாலும் கிராமங்களை நோக்கிய ஓட்டத்தாலும், 1920இல் ஏழு லட்சமாகச் சுருங்கியது. அந்த ரொட்டித் துண்டைப் பார்க்கும் யாரும் அதன் எடையை மனத்துக்குள் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆனால் ஓவியத்தில் புலம்பல் இல்லை. வறுமையைக் காட்டுவதற்காக நிறங்களை மங்கலாக்கவில்லை. விரிப்பு சிவந்து ஒளிர்கிறது. கசங்கிய தாளின் நீலம் ஒரு திருவுருவத்தின் மேலாடைக்கு உரிய நீலம். மீனின் செதில்களில் வெள்ளியும் கருநீலமும் பொன்னும். உருளைக்கிழங்குகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் சேராமலும் இரண்டு சிறு கிரகங்கள்போல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நிழல், அதற்குரிய இடம்.

நெடுநேரம் நின்றபின் பதினைந்து ஆண்டுகளில் நான் ஒருமுறையும் கவனிக்காத ஒன்று தெரிந்தது. மேசையில் தட்டு இல்லை, கத்தி இல்லை, முள்கரண்டி இல்லை, யாருக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. மேசை இப்படி நிமிர்ந்து தெரிய வேண்டுமானால் பார்ப்பவர் உட்கார்ந்திருக்க முடியாது. மேசையின் விளிம்பில் நின்று, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாங்கிவந்ததைத் தாளைப் பிரித்து வைத்துவிட்டு, பங்கிடுவதற்கு முன், ஒரு கணம் நின்று பார்க்கும் மனிதர் அவர். மூன்றாவது கேள்விக்கான பதிலை அவர் இங்கே எழுதி வைத்திருக்கிறார். என் வீட்டில் அந்த அட்டையை நான் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துவந்தேன்.

அறை மூடும் நேரம் என்று காவல் அம்மையார் வந்து சொன்னார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

விடுதியில் கடைசி ஆப்பிளைச் சன்னலோர மேசையில் வைத்திருக்கிறேன். ஹ்வலின்ஸ்கில் பறித்ததற்குப் பின் தோல் சற்றுச் சுருங்கிவிட்டது. மாணவன் தொலைபேசியில் அழைத்து, "மீனைப் பார்த்தீங்களா மாமா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் எழுந்து நின்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டபோது தெரிந்தது, அரை மணி நேரமாக நான் மேசையருகே குனிந்து அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.